உளியால் எழுந்த இறைவன் கோயில்

யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா மாலையில் விளக்கேற்றியதும் யோகர் சுவாமியின் நற்சிந்தனைப் பாட்டு ஒன்றைப் பாடுவார். அந்தச் சுவாமியின் சீட வழியில் வந்தவர்கள் பசிபிக் கடலின் நடுவே ஒரு கருங்கற்கோயில் எழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள்முதல், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன். 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. மறு ஆண்டு மகளோடு ஹவாயின் கவாய் தீவில் போய் இறங்கினேன்.

“அம்மா, குடை எடுத்தனீங்களோ?” என்று மகள் கேட்டு முடிக்குமுன் மழை வந்துவிட்டது. தீவின் நடுவில் நிற்கும் வையலேயலே மலை, உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து இறங்கும் வைலுவா ஆற்றங்கரையில்தான் அந்தக் கோயில் அமைந்த ஆதீனம் இருக்கிறது. வழியில் ருத்திராட்சக் காடு. 1984இல் நட்ட மரங்கள் இன்று வானளாவி நிற்கின்றன. கீழே நீல நிறத்தில் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் தோலை உரித்தேன். உள்ளே இருந்தது, அம்மம்மாவின் கழுத்தில் நான் பார்த்த அதே மணி.

இந்த ஆதீனத்தை 1970இல் நிறுவியவர் சிவாய சுப்பிரமுனியசுவாமி. அமெரிக்காவில் பிறந்த அவர், 1949இல் இளைஞராக யாழ்ப்பாணம் வந்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்றவர். 1975இல் இந்த நிலத்தில் சிவன் ஒரு பாறைமேல் அமர்ந்திருக்கக் கண்டதாகச் சொன்னார். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததே இறைவன் கோயில்.

காலை 9 மணிக்கு, ஆதீனத்திலுள்ள ‘கடவுள் கோயில்’ என்னும் கோயிலில் பூசை. நடராசர்முன் வெள்ளைக்காரத் துறவி ஒருவர் சமஸ்கிருத மந்திரம் சொல்லித் தீபம் காட்டினார். வெளியே மழை, உள்ளே மணியோசை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் நிற்பது போலவே இருந்தது.

பிறகு இறைவன் கோயிலைக் காண நடந்தோம். சோழர் பாணிக் கட்டடம். உச்சியில் பொன் வேய்ந்த விமானம். வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி, கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை அமைத்தவரும் அவரே. 1990இல் பெங்களூருக்கு அருகே சிற்பிகளுக்கென்றே ஒரு ஊர் அமைத்து, உளியும் சுத்தியலும் கொண்டு கையாலேயே கல்லைச் செதுக்கினார்கள். செதுக்கிய கற்கள் கப்பலேறி இங்கு வந்தன. அவற்றைப் பொருத்தி எழுப்பவும் இந்தியச் சிற்பிகளே வந்தார்கள்.

இந்த ஈரத்தில் கட்டடம் எப்படி நிலைக்கும்? அடித்தளத்தில் இரும்புக் கம்பியே இல்லை. கம்பி துருப்பிடித்தால் பருத்து, கொங்கிரீட்டைப் பிளந்துவிடும். ஆகவே கம்பியைத் தவிர்த்து, நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் நுண்சாம்பலை நிறையக் கலந்து, 4 அடி கனத்தில் 1999இல் அடித்தளம் போட்டார்கள். ஆயிரம் ஆண்டு தாங்க வேண்டும் என்பதே கணக்கு. கருவறையில் இருப்பது 700 இறாத்தல் எடையுள்ள இயற்கை ஸ்படிகலிங்கம். அதை மனிதர் செதுக்கவில்லை. ஆறு பட்டையோடு மண்ணுக்குள் தானாக விளைந்தது.

1990இல் தொடங்கியதிலிருந்து கும்பாபிஷேகம்வரை 33 ஆண்டுகள். கடன் வாங்கிக் கட்டக்கூடாது என்பது குரு சுப்பிரமுனியசுவாமியின் கட்டளை. காசு சேரச் சேரத்தான் கல் ஏறியது. 2001இல் குரு சமாதியடைந்தார். கும்பாபிஷேகத்தை அவர் காணவில்லை. ஆனால், ஓர் இடத்திலும் அவசரத்தின் தடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். உளி பட்ட ஒவ்வொரு புள்ளியும் விரலுக்குத் தெரிந்தது.

நம் ஊர்களில் திருப்பணி செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று பழைய கருங்கல்லின்மேல் சீமெந்து பூசாதீர்கள், பெயின்ற் அடிக்காதீர்கள். சிற்பிகளைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு வேண்டிய காலத்தைக் கொடுங்கள். கடல் தாண்டிப் பிறந்தவர்கள் 33 ஆண்டு பொறுத்திருந்தார்கள். நம்மாலும் முடியும்.