எல்லை தாண்டும் பிறந்தநாள்

சிவாஜிநகரில் வாழும் இளைஞன் ஒருவன் தன் பிறந்தநாளையொட்டி அண்டை நாடுகளுக்குச் செல்கிறான் எனக் கொள்வோம். நேபாளம் வரை நண்பர்கள் உடன் வருவர். பூட்டானுக்கு அவன் தனியே செல்வான். இவ்விரு நாடுகளுக்கும் இந்தியர்க்கு விசா தேவையில்லை. ஆயினும் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருத்தல் வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் புறப்படும் இளைஞன் விமான நிலையத்திலிருந்தே வீடு திரும்ப நேரிடும்.

பூட்டானில் நுழைவு அனுமதி பெறுவதோடு, தங்கும் இரவு ஒன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணமும் செலுத்த வேண்டும். அங்கே கைமாற்றுக் கேட்க நண்பர் இல்லை என்பதை அவன் நினைவிற்கொள்வது நன்று.

நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடமும், பூட்டான் கடிகாரம் 30 நிமிடமும் முந்தி ஓடும். பூட்டானில் நள்ளிரவு 12 மணிக்கு அவனுடைய பிறந்தநாள் தொடங்கும்பொழுது, வாழ்த்துச் சொல்ல விழித்திருக்கும் தாயின் கடிகாரத்தில் இரவு 11.30தான்.