யானைக்காசு, கத்திக்காசு!

பொட்டிப்புரம் என்றால் பலருக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் நினைவுக்கு வரும். எனக்கோ ஊருக்கு மேற்கே நிற்கும் மலையைப் பார்த்தாலே மிளகு ஞாபகம், மிளகு என்றாலே அதை வாங்க வந்த ரோமாபுரி வெள்ளி! மலைக்கு அந்தப் பக்கம், திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1940களில் ஒரு புதையல் கிடைத்தது. ரோமானியப் பொற்காசு, டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு, நம் நாட்டு முத்திரைக் காசு எல்லாம் ஒன்றாக! அந்த வெள்ளியில் சில, ரோமுக்குப் பேரரசர் என்று ஒருவர் வருவதற்கு முன்பே, குடியரசுக் காலத்தில் அடிக்கப்பட்டவை.

அந்தக் காலத்தில் ரோமானியக் காசு அடித்த அக்கசாலைக்குள் எட்டிப் பார்ப்போமா? காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பட்டடையில் பதித்த கீழச்சு, அதன்மேல் வெள்ளி வில்லை, அதற்கும் மேலே ஒருவர் பிடித்திருக்கும் மேலச்சு. ஓங்கி ஒரு சம்மட்டி அடி! இரு பக்கமும் படம் விழுந்தாயிற்று. அச்சு கொஞ்சம் நகர்ந்தால் தலைவரின் மூக்கு காணாமல் போகும். அதனால் ஒரு காசைப் போல இன்னொன்று இருக்கவே இருக்காது. எடை ஏறக்குறைய அரைச் சவரன்.

இத்தனை அடியும் முக்கியமாகப் படைக்குச் சம்பளம் கொடுக்கத்தான். கி.மு. 49இல் ரோமில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் ஜூலியஸ் சீசர் சாட்டர்ன் கோயிலில் இருந்த அரசுக் கருவூலத்தையே கைப்பற்றினார். அவர் அடித்த காசில் ஒரு யானை பாம்பு போன்ற ஒன்றை மிதிக்கிறது, கீழே 'சீசர்' என்று பெயர். எழுத்து தெரியாத வீரனுக்கும் யார் பலசாலி என்று புரிந்திருக்கும்! கி.மு. 44இல் தன் முகத்தையே காசில் ஏற்றினார். உயிரோடிருக்கும் ஒரு ரோமானியரின் முகம் ரோமின் காசில் ஏறியது அதுதான் முதல்முறை. அந்த ஆண்டு மார்ச் 15இல் அவரைக் குத்திக் கொன்றார்கள்.

அடுத்ததுதான் என்னைத் தூங்கவிடாத காசு. கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கி.மு. 42இல் அடித்தது. இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலையான அடிமை அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த நாள்! மறுபக்கம் யார் முகம் தெரியுமா? புரூட்டஸின் முகமேதான்!

சீசரின் தளபதியாக இருந்த மார்க் ஆண்டனியும் கி.மு. 32–31இல் படையணி எண்ணோடு, போர்க்கப்பல் பொறித்த காசுகளை ஏராளமாக அடித்தார். வெள்ளி மட்டம். நல்ல காசை எல்லோரும் பதுக்க, இவை மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கைமாறித் தேய்ந்தன.

இறுதியில் ஆண்டனியை வென்ற ஆக்டேவியன்தான் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ். தமிழ்நாட்டு மண்ணிலிருந்து வரும் ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி அவருடையதும் அடுத்து வந்த டைபீரியஸுடையதும். கோவை வெள்ளலூரில் 1842இல் மட்டும் 522 காசுகள்! கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். பழைய வெள்ளிதான் இங்கே அதிகம் கிடைக்கிறது. நம் வியாபாரிகள் முகத்தைப் பார்த்து மயங்கவில்லை, வெள்ளியைப் பார்த்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கறுத்த காசு ஏதாவது தட்டுப்பட்டால் விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், பத்தரிடம் உருக்கக் கொடுக்காதீர்கள். விஏஓவிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.