கைத்தொலைபேசிக்கு வரும் கருத்துக்கணிப்பு அழைப்புகளும் தமிழ் பேசும் வாக்காளரும்

கைத்தொலைபேசி ஒலிக்கின்றது, திரையில் தெரிவதோ அறிமுகமில்லாத எண். எடுத்தால், மறுமுனையில் ஓர் இளங்குரல் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, நாட்டு நடப்புக் குறித்துச் சில வினாக்கள் கேட்கலாமா என்கின்றது. நாம் அவர்களுக்கு எண்ணைக் கொடுத்ததுமில்லை; அழைக்கச் சொன்னதுமில்லை. நம்முள் பலர் அந்த இடத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடுகின்றோம். இத்தகைய அழைப்புகள் எவ்வாறு நம்மை வந்தடைகின்றன, சட்டம் அவற்றை எங்ஙனம் நோக்குகின்றது, அவற்றுக்கு விடையளிப்பதும் மறுப்பதும் மலேசிய இந்தியர் போன்ற ஒரு சிறுபான்மைச் சமூகத்திற்கு எத்தகைய விளைவைத் தருகின்றன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

எண் எங்கிருந்து கிடைத்தது என்பதே பலரும் முதலில் எழுப்பும் வினா. ஏற்கெனவே திரட்டப்பட்ட பட்டியலிலிருந்து எண்ணை எடுப்பது ஒரு முறை. முதல் இலக்கங்களை நிறுத்திக்கொண்டு எஞ்சியவற்றைக் கணினியே சீரற்ற முறையில் ஆக்குவது மற்றொரு முறை. பின்னதில் நம் பெயரோ முகவரியோ அழைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரிடமும் எண்ணைச் சொல்லாதவர்க்கும் அழைப்பு வருவதன் காரணம் இதுவே. பட்டியலை மட்டும் நம்புவதில் உள்ள இடரை 1936 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கண்டனர். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ், தொலைபேசிப் பட்டியல், மகிழுந்துப் பதிவு முதலியவற்றிலிருந்து பெயர்களைத் திரட்டி ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். லாண்டன் வெல்வார் என இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். தொலைபேசியும் மகிழுந்தும் உடையோர் நாட்டு மக்கள் அனைவருக்கும் மாதிரியாகார் என்பது மட்டுமன்று, விடை எழுத முன்வந்தோர் எழுதாதோரினின்றும் வேறுபட்டவர் என்பதும் அப்போது புலனாயிற்று. இவ்விரண்டாவது காரணமே இன்றைய கைத்தொலைபேசிக் கணிப்புக்குப் பெரிதும் பொருந்துவது.

வீட்டுத் தொலைபேசி ஒரு குடும்பத்தின் பொருள். கூடத்தில் இருந்த அதனைப் பெரும்பாலும் வீட்டுத் தலைவரே எடுத்தார். தோட்டப்புறங்களில் அதுவும் நகரங்களைப் போலப் பரவியிருக்கவில்லை. கைத்தொலைபேசியோ தனியாள் ஒருவருடையது. மருமகளின் கருத்தை மாமனாரின் வாய்வழியன்றி நேரே கேட்கும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. ஆனால் அழைப்பு நம்மை அடையும் இடம் கூடமன்று; பேருந்து, வகுப்பறை வாயில், மருத்துவமனை வரிசை என எங்கும் அது வந்து நிற்கும். தொல்லை என்னும் உணர்வு மிகுந்ததில் வியப்பில்லை.

சட்டம் இவ்வழைப்புகளை வணிக அழைப்புகளோடு ஒன்றாக வைப்பதில்லை. மலேசியாவின் 2010 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிகப் பரிமாற்றங்களைப் பற்றியது. மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. புள்ளிவிவரம், ஆய்வு ஆகியவற்றுக்கெனத் தரவு பயன்படுத்தப்பட்டு, முடிவுகளில் எவரும் அடையாளம் காணப்படாதிருப்பின், அதன் முதன்மை விதிகள் பலவற்றினின்றும் விலக்கும் உண்டு. சிங்கப்பூரில் 2014 ஜனவரியில் தொடங்கிய 'அழைக்க வேண்டாம்' பதிவேடும் சந்தை ஆய்வை மட்டுமே நோக்கமாகக் கொண்ட அழைப்புகளைத் தடுப்பதில்லை. அங்குத் தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டது முதல் வாக்களிப்பு முடியும் வரை கருத்துக்கணிப்பின் முடிவை வெளியிடல் குற்றம். தடை வெளியிடுவதற்கே என்பது கருதத்தக்கது. ஆகவே மறுக்கும் உரிமை பெரும்பாலும் நம் விரல் நுனியில்தான் இருக்கின்றது.

அவ்வுரிமையை மக்கள் நன்கு பயன்படுத்துகின்றனர். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய தொலைபேசி ஆய்வுகளில் விடையளித்தோர் விழுக்காடு 1997இல் 36ஆக இருந்தது. 2018இல் 6ஆகக் குறைந்தது. நம் நாட்டில் இணையவழி நிதி மோசடிகளுக்கென்றே 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்டது என்பதை எண்ணினால், அறியாத எண்ணை எடுக்காதவரைக் குறை கூற இயலாது. அடையாள அட்டை எண், வங்கி விவரம், மறைச்சொல் ஆகியவற்றைக் கேட்கும் 'கருத்துக்கணிப்பு' எதுவாயினும் அது கணிப்பன்று. வினா வடிவில் வரும் பரப்புரை இன்னொரு வகை. ஒரு வேட்பாளரைப் பற்றிய பழியை வினாவாக்கிச் சில நொடிகளில் முடித்துவிடும் அவ்வழைப்பில் அகவை, தொழில், கல்வி பற்றிய வினாக்கள் பெரும்பாலும் இரா. விடையைத் தொகுக்கும் எண்ணமே அழைப்போர்க்கு இல்லாதபோது அவற்றை ஏன் கேட்க வேண்டும்?

இனி, உண்மையான கணிப்பை மறுப்பதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களுள் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். ஆயிரம் பேரைக் கொண்ட மாதிரியில் அவ்விகிதப்படி 67 பேர் இடம்பெறுவர். ஆயிரம் பேருக்குரிய பிழை எல்லை ஏறத்தாழ 3 விழுக்காடு. 67 பேருக்கோ அது 12 விழுக்காடாகின்றது. இந்தியருள் 55 விழுக்காட்டினர் ஒரு கூட்டணியை ஆதரிப்பதாக நாளிதழில் வரும் செய்தியின் உண்மைநிலை 43க்கும் 67க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த 67 பேரிலும் நாற்பதின்மரே விடையளித்தால், குறைவை ஈடுசெய்ய ஒவ்வொருவர் விடைக்கும் ஏறத்தாழ 1.7 மடங்கு எடை தரப்படும். எடையைக் கூட்டலாம், எடுக்காதவரின் கருத்தைக் கூட்ட முடியாது. பணி ஓய்வுபெற்றோர் பொறுமையுடன் பேச, தொழிற்சாலையில் மாற்றுநேர வேலை செய்யும் இளைஞர் எடுக்காதுவிட்டால், 'இந்தியர் கருத்து' என்று அச்சாவது முன்னவர் கருத்தே.

அழைப்பை எடுத்தவரிடமும் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. அது மொழி பற்றியது. தமிழாசிரியராகிய நமக்கு நேரே உரியது. ஆங்கிலத்திலோ மலாயிலோ ஆக்கப்பட்ட வினாவைப் பேட்டியாளர் அவ்விடத்திலேயே தமிழாக்கும்போது பொருள் நழுவுகின்றது. 'நாடு சரியான திசையில் செல்கிறதா' என்னும் வினா தமிழ்ச் சொற்களால் ஆனதே. எனினும் தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ஒருவர்க்கு அது எதனைக் கேட்கின்றது என்பது உடனே விளங்காது. மலாயில் 'அகாக் புவாஸ் ஹாத்தி' என்பது மனநிறைவின் பக்கம் நிற்கும் விடை. அதனை 'ஓரளவு திருப்தி' என்றால், தமிழ்க் காதுக்கு அது குறையைச் சொல்வதாகவே படும். 'ஐயா, அரசாங்கத்தின் செயல்பாடு உங்களுக்குத் திருப்தியா?' என்று மகள் வயதுப் பெண் பணிவுடன் கேட்கையில், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுவோரும் உளர்.

அவர் பெரும்பாலும் சொல்வது 'பரவாயில்லைம்மா' என்பதாகும். குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அச்சொல் நன்று என்றும் பொருள்படும், பொறுத்துக்கொள்ளலாம் என்றும் பொருள்படும், பேச்சை முடித்துக்கொள் என்றும் பொருள்படும். பேட்டியாளரின் திரையிலோ ஐந்து கட்டங்கள்தாம் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை அவர் அப்போதே தேர்ந்தாக வேண்டும்.