மண்டபம் முகாமும் மில் வாசலும்

"எங்க பார்த்தாலும் வடக்கன்தான். பாஷையும் புரியல, ஒண்ணும் புரியல." வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் காதில் விழுந்தது. பீகார், ஒடிசா பக்கமிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்த பையன்களைப் பற்றிய பேச்சு. எனக்கு மண்டபம் முகாம் ஞாபகம் வந்தது.

பிளவக்கல் அணை வராத காலத்தில் வத்திராயிருப்பு மலையடிவாரத்திலும் கண்மாய் பெருகினால்தான் சோறு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்பாண்டிச் சீமையே காலியாகி, ஆள் சேர்க்கும் கங்காணி தந்த முன்பணத்தை நம்பி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே தோட்டம் மாறும்போது, வாங்கிய கடனை எழுதிய 'துண்டு'ச் சீட்டும் கூடவே போனது. பின்னாளில் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, காலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள்.

அதே காலத்தில் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இத்தாலியரையும் யூதரையும் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்து, சந்தேகப்பட்டவர் சட்டையில் சாக்பீஸால் எழுத்துப் போட்டார்கள். 1917-ல் நம் நாட்டவர் உட்பட ஆசியர் பெரும்பாலோருக்கு அமெரிக்கா கதவை அடைத்தது. 1924-ல் அந்த இத்தாலியர், யூதர் வரவையும் கணக்குப் போட்டுக் குறைத்தது. நாட்டையே கெடுத்துவிடுவார்கள் என்று அங்கேயும் பேசினார்கள்.

இலங்கையில் நம்மவருக்குக் கிடைத்த பெயர் 'கள்ளத்தோணி'. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்களை நாம் என்னவென்று கூப்பிட்டோம்? 'சிலோன்காரன்'.

ராஜபாளையத்து ராஜுக்களின் முன்னோரும் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள்தாம். 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் வழி வந்தவர். வந்தேறி வீட்டுப் பிள்ளை கட்டிய ஆலையில்தான் இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் தலைமுறையாய்ச் சம்பளம் வாங்கின.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசே நால்வர் குழுவை அனுப்பி விசாரித்தது. வீடியோ பொய்தான். ஆனால் ஊரிலிருந்து "திரும்பி வந்துடு" என்று போனில் அழுத தாயின் பயம் பொய்யில்லை.

ஆளைக் கொண்டுவரும் காண்ட்ராக்டருக்கு உரிமம் வேண்டும், தொழிலாளிக்கு இடம்பெயர்வுப் படி தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. அந்தப் பையன்களுக்கு அந்தப் பணம் கைக்கு வந்ததா என்று பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.