மதகை மூடிக் கிடந்த மும்மொழிக் கல்

இலங்கையின் காலி நகரில், தெருவோர மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தது அந்தப் பலகைக்கல். 1911இல் மாகாணப் பொறியாளர் ஒருவர் கண்ணில் படும்வரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கல் ஏறக்குறைய ஐந்தடி உயரம். உச்சியில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள். கீழே வலப்பக்கம் சீன எழுத்து. இடப்பக்கம் மேலே தமிழ், அதன் அடியில் பாரசீகம். பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்துபோயிருக்கிறது.

மிங் பேரரசர் யோங்லே அனுப்பிய கல் இது. பொறித்திருக்கும் தேதி 1409 பிப்ரவரி 15. சீனாவிலேயே செதுக்கி, கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார்கள்.

மூன்று மொழியிலும் ஒரே செய்திதான் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சீன வாசகம் புத்தரைப் போற்றுகிறது. பாரசீக வாசகம் இஸ்லாத்தைச் சார்ந்தது. தமிழ் வாசகம் தென்னாவரத்து நாயனாரைப் போற்றுகிறது. மாத்தறைக்கு அருகே, இன்றைய தெவுந்தரையில் கோயில் கொண்டிருந்த திருமால் அவர். காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய், விளக்குகள். ஒரு தெய்வத்துக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்று வைக்கவில்லை. இந்தக் கல்லின் பெருமையே இதில்தான் இருக்கிறது.

சிங்கள அரசர்கள் ஆண்ட நாட்டுக்கு வந்த கல்லில் சிங்களம் இல்லை, தமிழ் இருக்கிறது. அன்றைய கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடம் அப்படி. சீனர்களுக்கும் தமிழ் புதிதல்ல. அங்குள்ள சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது.

ஆனாலும் சமாதானம் நீடிக்கவில்லை. அடுத்த இரண்டாண்டுக்குள் செங் ஹேயின் படை இலங்கையில் போரிட்டு, அங்கே ஆட்சி செலுத்திய அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. தென்னாவரம் கோயிலை 1588இல் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளினார்கள். கல் மட்டும் தப்பித்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் ஊர்களிலும் பழைய மதகு, படித்துறை, சுற்றுச்சுவர் எதையாவது நாள்தோறும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இடிக்கும்போது கல்லை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எழுத்தோ உருவமோ தெரிந்தால் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள். படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.