செம்பு நாட்டின் மருந்துக் கணக்கு

மருத்துவத்துக்குச் செலவிடும் பணம் திரும்பி வராத பணம் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். அரிசிக்குக் கொடுத்தால் வயிறு நிறைகிறது. பள்ளிக்குக் கட்டினால் பிள்ளை படிக்கிறது. மருந்துக்குக் கொடுத்தாலோ நேற்றிருந்த நிலைக்கு மீள்கிறோம், அவ்வளவே என்று கருதுகிறோம். குடும்பங்கள் மட்டுமல்ல, அரசுகளும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணி வந்தன. அணையும் சாலையும் ஆலையும் முதலீடு, மருத்துவமனையோ தருமம். இக்கணக்கு எத்துணைப் பிழையானது என்பதை அறிய, ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள சாம்பியா நாட்டின் வரலாற்றை நாம் சற்றுக் கூர்ந்து நோக்கினால் போதும்.

1964 அக்டோபர் 24ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றது. நிலத்தடியில் செம்பு நிறைந்த நாடு. ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு செம்பிலிருந்தே வந்தது. முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா அவ்வருவாயைக் கொண்டு மருத்துவமனைகளும் சிற்றூர் மருந்தகங்களும் எழுப்பினார். மருத்துவம் இலவசம் என அறிவித்தார். அரசு எட்டாத காட்டுப்புறங்களில் நம் கன்னியரும் பிற சபையாரும் நடத்திய மருத்துவமனைகள் இருந்தன. கத்தோலிக்கரும் பிற கிறித்தவ சபையினரும் 1970இல் இவற்றை ஒரே சங்கமாக இணைத்தனர். இன்றளவும் கிராமப்புற மருத்துவப் பணியில் பெரும்பங்கு இச்சங்கத்தினுடையதே. பிரிந்து நின்ற சபைகள் நோயாளியின் கட்டிலருகே ஒன்றுபட்டன என்பது நம் சிந்தனைக்குரியது.

1970களின் நடுவில் செம்பின் விலை வீழ்ந்தது. எண்ணெய் விலையோ ஏறியிருந்தது. விலை மீண்டும் ஏறும் என்ற நம்பிக்கையில் அரசு கடன் வாங்கிற்று. விலை ஏறவில்லை, வட்டி ஏறிற்று. கடன் கொடுத்தோர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, மக்கள் நலச் செலவைக் குறைப்பது. 1990களின் தொடக்கத்தில் அரசு மருந்தகங்களிலும் கட்டணம் வசூலிக்கும் முறை வந்தது. பணம் கொடுத்துப் பெறுவதையே மக்கள் மதிப்பர், வசூலாகும் தொகையால் மருந்தகங்கள் தம் காலில் நிற்கும் என்று அறிஞர்கள் வாதிட்டனர். கேட்பதற்கு நியாயமான வாதமே. ஆயினும் உழவன் கையில் அறுவடைக் காலத்தில்தான் காசு புழங்கும். காய்ச்சலோ மழைக்காலத்தில், களஞ்சியம் வெறுமையாய் இருக்கும் மாதங்களில் வருவது. அப்போது மலேரியா கண்ட குழந்தைக்குக் கட்டணம் எங்கிருந்து வரும்? ஒன்று, தாய் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வாள். அல்லது ஆடு விற்கப்படும், அதுவும் போதாதெனில் உழவு மாடு. மாடு போனபின் அடுத்த ஆண்டு மக்காச்சோளம் பயிரிடும் நிலம் பாதியாகும். மருந்தகத்தின் வரவுப் புத்தகத்தில் சில நாணயங்கள் ஏறுகின்றன; நாட்டின் விளைச்சல் கணக்கில் ஒரு வயல் குறைகிறது. இவ்விரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பார் இல்லை. வசூலான தொகையும் செலவில் சிறு பகுதியைத்தான் ஈடு செய்தது.

இத்தகைய வேளையில்தான் எயிட்ஸ் நோய் அந்நாட்டை ஆட்கொண்டது. 2001–2002இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் 15.6 விழுக்காட்டினர் அந்நோய்க் கிருமியைத் தாங்கியிருந்தனர். முதியோரையும் குழந்தைகளையும் தாக்கும் பிற கொள்ளைநோய்களைப் போலன்றி, உழைத்து உணவூட்டும் வயதினரையே இது கொண்டுபோயிற்று. 1998ஆம் ஆண்டின் முதல் பத்து மாதங்களில் மட்டும் சாம்பியா 1,300 ஆசிரியர்களை இழந்தது. ஓராண்டில் பயிற்சி முடித்து வெளிவரும் ஆசிரியர்களில் மூன்றில் இரு பங்குக்கு அது சமம். ஓர் ஆசிரியரை உருவாக்க நாடு செலவிட்ட பணம், அவர் கற்பித்திருக்க வேண்டிய பிள்ளைகளின் வருங்காலம், அவருடைய அநாதைகளை வளர்க்கும் பாட்டியின் பாரம், இவை எந்த வரவுசெலவுத் திட்டத்தில் ஏறும்? மருந்து இருந்தது, ஒருவருக்கு ஆண்டுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விலை. 2001 பிப்ரவரியில் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அதே மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தர முன்வந்தபோதுதான் ஏழை நாடுகளிலும் அந்நோயாளிகளைப் பிழைக்க வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் நைஜீரியாவின் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், தத்தம் வரவுசெலவில் 15 விழுக்காட்டை மக்கள் நலத்துக்கு ஒதுக்க உறுதி பூண்டனர். டிசம்பரில், பொருளியல் அறிஞர் ஜெஃப்ரி சாக்ஸ் தலைமையில் உலக நல நிறுவனம் அமைத்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. ஏழை நாடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 34 டாலர் இருந்தால் இன்றியமையா மருத்துவத்தை எல்லோருக்கும் அளிக்கலாம் என்றும், உடல்நலம் வளர்ச்சியின் விளைவு மட்டுமன்று, அதன் காரணமுமாகும் என்றும் அக்குழு நிறுவிற்று. நம் பாட்டிமார் அறிந்த செய்திதான். பொருளியலார் அறிய இத்தனை காலம் ஆயிற்று!

ஆனால் கடன் தலைக்கு மேல் நிற்க, 34 டாலருக்கு எங்கே போவது? இங்கே திருச்சபையின் பங்கு சிறிதன்று. பாப்பிறை இரண்டாம் அருள் சின்னப்பர் 1994இல் வெளியிட்ட திருமடலில், 2000ஆம் ஆண்டு யூபிலியை முன்னிட்டு ஏழை நாடுகளின் கடன்களைப் பெருமளவு குறைக்க, அல்லது முற்றிலும் நீக்க வேண்டினார். லேவியர் ஆகமம் கூறும் யூபிலி ஆண்டின் பொருள் இதுவே அன்றோ? சாம்பியாவில் அவ்வியக்கத்துக்கு இல்லமாக விளங்கியது, தலைநகர் லுசாக்காவில் சேசு சபையினர் நடத்தும் இறையியல் சிந்தனை மையம். ஒரு குடும்பம் மாதமொன்றை ஓட்ட மாவு, எண்ணெய், கரி, வாடகை எனக் குறைந்த அளவு எத்தனை பணம் வேண்டும் என்பதை, சந்தையில் விலை கேட்டு மாதந்தோறும் வெளியிடுவது இம்மையத்தின் வழக்கம். செவிலியரின் சம்பளத்தை அப்பட்டியலோடு ஒப்பிட்டால், அவர்கள் ஏன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர் என்பது விளங்கும்.

2005இல் சாம்பியாவின் ஏறத்தாழ 700 கோடி டாலர் வெளிக்கடனில் மிகப் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று. மறு ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் லெவி முவனவாசா கிராமப்புற மருந்தகங்களில் கட்டணத்தை நீக்கினார். மருந்தகங்களுக்கு வருவோர் தொகை பெருகிற்று. முன்பு அவர்கள் எங்கே இருந்தனர் என்பதை நாம் ஊகிக்கலாம். வந்தவர்களைக் கவனிக்கப் போதிய செவிலியர் இல்லை என்பதும் உண்மை. ஊதியச் செலவுக்குப் பன்னாட்டு நிதியத்தின் திட்டம் உச்சவரம்பு விதித்திருந்தமையால், 2004இல் பயிற்சி பெற்ற செவிலியரும் ஆசிரியரும் வேலையின்றி வீட்டிலிருந்தனர். கட்டணத்தை நீக்குவது ஒரு நாளில் கையெழுத்தில் முடியும் செயல். செவிலியரை உருவாக்குவதோ பல ஆண்டுப் பணி.

இதன் பின்னும் கதை நேராகச் செல்லவில்லை. செம்பு விலை ஏறியதும் 2012 முதல் அரசு மீண்டும் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டிற்று. 2020 நவம்பரில் 4 கோடியே 25 லட்சம் டாலர் வட்டியைச் செலுத்த இயலாமல் கைவிரித்தது. எனினும் இம்முறை ஒரு வேறுபாடு கண்டோம். பன்னாட்டு நிதியத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்த 2022ஆம் ஆண்டிலேயே 11,000க்கு மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களை அரசு வேலைக்கு எடுத்தது. 2019 முதல் ஊழியர் ஊதியத்தில் 1 விழுக்காடும், முதலாளி தரும் 1 விழுக்காடும் சேர்ந்து நலக் காப்பீட்டு நிதிக்குச் செல்கின்றன. மாதச் சம்பளம் இல்லாத உழவரை இதற்குள் கொணர்வதே கடினமாயிருக்கிறது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவில் மக்கள் நலத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 11 விழுக்காடு. அபுஜாவில் சொன்ன 15 அன்று. கடன் தீர்க்க ஒதுக்கிய தொகையோ இதனினும் பெரியது.

மருந்தின் பெரும்பகுதி அயல்நாட்டு நன்கொடையாக வந்ததால் இக்குறை வெளியே தெரியாமலிருந்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு, ஆண்டுக்கு 5 கோடி டாலர் மதிப்புள்ள மருந்துதவியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஏழைகளுக்கு இலவசமாக அனுப்பிய மருந்துகள் களவாடப்பட்டுத் தனியார் கடைகளில் விற்பனையாவதைத் தடுக்கவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். கட்டணம் நீக்கப்பட்ட மருந்தகத்தில் மருந்து இல்லாமல் திரும்பிய நோயாளி, அதே மருந்தைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.