உருபின்மையும் ஓர் உருபே: கணினி நினைவக வலயங்கள்

எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. எனினும் ‘கண்ணன் வந்தான்’ என்னுமிடத்து அவ்வின்மையே பொருளை உணர்த்துகிறது. வகுப்பறையில் பல்லாண்டுகள் விளக்கிவந்த இந்நுட்பத்தை, ஓய்வுக்குப்பின் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் மீண்டும் காண நேர்ந்தது.

நினைவகத்தை வலயங்களாகப் பகுப்பதேன்? பழைய ஐ.எஸ்.ஏ. வகைக் கருவிகளுக்கு 24 முகவரிக் கம்பிகளே உண்டு. 16 மெகாபைட்டுக்கு அப்பாற்பட்ட இடம் அவற்றுக்கு எட்டாது. எட்டாத பக்கத்தை ஒதுக்கினால், முகவரியின் மேற்பகுதி அறுபட்டு, வேறெவருக்கோ உரிய தரவின்மேல் கருவி எழுதிவிடக்கூடும். 32 பிட் முகவரி மட்டும் அறிந்த கருவிகளுக்கு எல்லை 4 கிகாபைட். ஆகவே நினைவகம் கேட்கும் ஒவ்வொரு வேண்டுகோளும் ஓர் எண்ணை ஏந்திச் செல்கிறது. அதன் கடைசி நான்கு பிட்களே வலயத்தைச் சுட்டுவன: டி.எம்.ஏ. 1, உயர் நினைவகம் 2, டி.எம்.ஏ.32 4, பெயர்த்தகு பக்கம் 8.

இயல்பு வலயத்திற்குக் குறியே இல்லை. நான்கு பிட்டும் சுழியமாயின் அதுவே இயல்பு. பயிற்சி வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் ‘இயல்புக் குறி’ என்றொரு வரியை அட்டவணையில் சேர்த்து, அதன் மதிப்பைத் தேடி ஒரு மாலைப்பொழுதையே இழந்தார். எழுவாய்க்கு உருபு தேடுவாரும் இவ்வாறே இடர்ப்படுவர்.

நான்கு பிட்களால் 16 சேர்க்கைகள் அமையும். அவற்றுள் 8 தகாதவை. ‘16 மெகாபைட்டுக்குள் வேண்டும்’ என்பதும் ‘உயர் நினைவகமும் ஏற்புடைத்து’ என்பதும் ஒருங்கு நில்லா அல்லவா? வியப்பென்னவெனில், பிழைதேடும் நோக்கில் தொகுத்த கருநிரலே இவ்வழுவைச் சோதித்து நிறுத்தும்.

‘பெயர்த்தகு’ குறியோ இன்னும் சுவையானது. தனித்து வரின், பக்கத்தின் உள்ளடக்கத்தை வேறிடத்துக்கு நகர்த்தலாம் என்னும் பண்பை மட்டும் உணர்த்தும். வலயம் இயல்பாகவே நிற்கும். உயர் நினைவகக் குறியோடு கூடி 10 ஆகும்போதுதான் அது பெயர்த்தகு வலயத்தைச் சுட்டும். ‘மலையின் வீழ்ந்த அருவி’ என்பதில் உருபாகும் ‘இன்’, ‘வண்டினை’ என்பதில் வெறுஞ் சாரியையாவது போன்றது இது.

மற்றொன்றும் கருதத்தக்கது. சுட்டிய வலயம் மேலெல்லையே. அங்கு இடமில்லையேல் கருநிரல் கீழ் வலயத்தை நாடும், ஒருபோதும் மேலேறாது.